மாவாக வந்த கோதுமை

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் போய் நின்று "கோதுமை ரெண்டு கிலோ" என்று கேட்டால், கடைக்காரர் மாவைத்தான் நிறுப்பார். கேட்டவருக்கும் பெரும்பாலும் அதுதான் வேண்டியிருக்கும். மலையகத்தில் கோதுமை என்றால் வெள்ளை மா, மா என்றால் ரொட்டி. கோதுமைக்கு மணி உண்டு, அந்த மணிக்குத் தோல் உண்டு, ஊறவைத்தால் அரிசியைப் போல அதுவும் உப்பும் என்பதெல்லாம், மூன்று தலைமுறையாக அன்றாடம் கோதுமை உண்ணும் ஒரு சமூகத்துக்குப் பழக்கமில்லாத செய்தி. இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. கப்பலில் வருகிறது, ஆலையில் அரைபடுகிறது, மூட்டையாக மலை ஏறுகிறது.

அந்த மணியைக் கையால் களைந்து ஊறவைத்த தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ அவர்கள் அதைச் செய்யவில்லை. ரியாத்திலும் குவைத்திலும் அபுதாபியிலும் பிறர் வீட்டு அடுப்படியில் செய்தார்கள். ரமழான் மாதத்தில் அந்த வீடுகளில் பெரிய பானையில் வேகும் உணவு ஹரீஸ். தோல் நீக்கிய முழுக் கோதுமையும் எலும்போடு சேர்ந்த ஆட்டிறைச்சியும் உப்பும் தண்ணீரும் மணிக்கணக்காக வெந்து, பிறகு மரத்துடுப்பால் அடிபட்டு, எது தானியம் எது இறைச்சி என்று பிரிக்க முடியாத களியாகும். மேலே நெய் ஊற்றிப் பரிமாறுவார்கள். சாப்பிடுகிறவருக்கு மெத்தென்றிருக்கும் அந்தக் களி, அடித்துக் கொடுத்தவரின் தோள்பட்டையில் இரண்டு நாள் வலியாக நிற்கும்.

ஹரீஸ் என்ற பெயரே இடித்து மசிப்பதைக் குறிக்கும் அரபு வேர்ச்சொல்லில் இருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இந்த உணவுக்கு இடம் உண்டு. 1226இல் அல்பக்தாதி எழுதிய நூலிலும் உண்டு. அரபு வணிகர்களும் படைவீரர்களும் போன வழியெல்லாம் அது போயிற்று. ஆர்மீனியர்களிடம் ஹரிஸ்ஸா ஆனது. மலபார் மாப்பிளமார் வீட்டுக் கல்யாணங்களில் அலீசா ஆனது. நிஜாமின் படையில் சேவகம் பார்க்க ஹத்ரமௌத்தில் இருந்து வந்த அரபிகள் ஹைதராபாத்தில் குடியேறியபோது அவர்களோடு வந்த ஹரீஸ், அங்கத்திய மசாலாவும் பருப்பும் சேர்ந்து ஹலீமாக மாறி, 2010இல் புவிசார் குறியீடும் பெற்றது. சவூதி அரேபியாவின் நடுப்பகுதியில் உடைத்த கோதுமையில் செய்யும் ஜரீஷ் இதற்கு நெருங்கிய உறவு. அதை 2023இல் அந்த நாடு தன் தேசிய உணவாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் தமிழருக்கு மிக அருகில் இருப்பது உரல். ஹரீஸுக்கான கோதுமையை வளைகுடாப் பெண்கள் முன்பெல்லாம் ஈரப்படுத்தி, பெரிய உரலில் போட்டு உலக்கையால் குத்தி, தோல் கழன்றதும் காயவைத்துப் புடைத்து எடுத்தார்கள். கம்பு குத்தத் தெரிந்த எந்தத் தமிழ்க் கிழவியும் இதைப் பார்த்தால், சொல்லிக்கொடுக்காமலேயே மறு உலக்கையைக் கையில் எடுத்துவிடுவாள். தண்ணீர் தெளித்துக் குத்துவதும் புடைப்பதும் அப்படியே கம்பஞ்சோற்றின் முறை. பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்புப் போட்டுக் கிண்டுவதும் களி கிண்டும் முறைதான். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்களில் இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக்குக் கிளம்பியவர்களில் மிகப் பலர் கம்பும் கேழ்வரகும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள். அரிசிச் சோறு அவர்களில் பலருக்கு நல்ல நாளில் மட்டும் வாய்த்த உணவு.

தோட்டம் அவர்களுக்கு அரிசி தருவதாகச் சொன்னது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுக்குக் கங்காணி சொன்ன ஆசை வார்த்தைகளில் சோறு முன்னால் நின்றிருக்கும். அரிசி வந்தது உண்மை. ஆனால் அது கணக்கில் வந்தது. பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் இறக்குமதியான அரிசியைத் தோட்டம் கொடுத்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கையில் காசு வருவதற்கு முன்பே வயிற்றுக்குப் போனது கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவரின் கடனை ஒரு சீட்டில் எழுதி அனுப்பும் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1927இல் வந்தது. அப்போதும் கூலிக் கணக்கும் அரிசிக் கணக்கும் ஒரே ஏட்டில்தான் இருந்தன.

அரிசி ஆலையில் குத்தப்பட்டு வந்ததால் தோட்டத்தில் உரலுக்கு வேலை குறைந்தது. லயம் என்ற வரிசை வீட்டின் வாசலில் குரக்கனும் மிளகாயும் இடிக்க உரல் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தானியத்தைக் குத்திச் சேமிக்கும் வாழ்க்கை கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. விளைநிலம் இல்லாத மக்களுக்குக் குதிர் எதற்கு? மாதத்துக்கு மாதம் அளந்து கொடுப்பதுதான் சாப்பாடு என்ற நிலை வந்தபின், எந்தத் தானியம் அளக்கப்படுகிறது என்பதைத் தின்கிறவர் தீர்மானிக்க முடியாது. கோதுமையின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை தன் அரிசித் தேவையில் பாதிக்கும் மேல் வெளியில் இருந்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அதில் பெரும் பங்கு பர்மா அரிசி. அதோடு அந்த வழி அடைபட்டது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசியின் இடத்தை நிரப்பக் கப்பலில் கோதுமை மா வந்தது. அதுவரை நகரத்து மேசைகளிலும் துரைமார் பங்களாவிலும் பாணாகவும் கேக்காகவும் இருந்த மா, முதன்முறையாக லயத்துக் காம்பராவுக்குள் சாப்பாடாக நுழைந்தது. போர் முடிந்தும் அது வெளியே போகவில்லை.

மாவை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பெண்கள் கண்டுபிடித்தார்கள். இன்று மலையகத்தின் அடையாளமாகப் பேசப்படும் ரொட்டி அப்படி உருவானது. விடியற்காலை நாலரை மணி. மிலாறு வைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியபின் பொறுக்கிச் சேர்த்த குச்சிகள்தான் மிலாறு, சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கும். மாவில் உப்பும், இருந்தால் தேங்காய்த் துருவலும் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுகிறார்கள். விரல் கனத்துக்கு இருக்கும். பக்கத்தில் அம்மியில் அரைத்த சம்பல். கோப்பையில் சாயத்தண்ணி. சோறு என்றால் உலை கொதிக்க வேண்டும், கறி வேண்டும், விறகு வேண்டும். ரொட்டிக்கு இருபது நிமிடம் போதும். காலையில் பெயர் பதியும் பெரட்டுக்கு நேரமாகிறது என்று ஓடுகிற ஒரு தாய், பிள்ளைக் காம்பராவில் விடவேண்டிய குழந்தையை இடுப்பிலும் ரொட்டிப் பொட்டலத்தைக் கூடைக்குள்ளும் வைத்துக்கொண்டு மலை ஏறலாம். மழையில் நனைந்து நிற்கும் பத்து மணிக்கு, ஒரு கையால் பிய்த்துத் தின்னலாம்.

ரொட்டியை வறுமையின் உணவு என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தக் கைத்திறனைப் பார்ப்பதில்லை. அரிசி உண்டு வளர்ந்தவர்கள், முன்பின் தெரியாத ஒரு மாவைக் கொண்டு, தங்கள் வேலை நேரத்துக்கும் விறகுக்கும் பொருந்துகிற ஒரு சாப்பாட்டை அமைத்தார்கள். மா வந்த சாக்குத் துணியைக்கூட விடவில்லை. வெளுத்துத் தலையணை உறையாகத் தைத்தார்கள், சிறு பிள்ளைகளுக்குச் சட்டையாகத் தைத்தார்கள்.

ஆனால் மாவை நம்பி நின்ற வாழ்க்கை எவ்வளவு மெலிதான கயிற்றில் தொங்கியது என்பது 1973, 1974இல் தெரிந்தது. எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் உணவு விலையும் ஏறின. அரசு அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது. மாவும் பாணும் விலை ஏறின, கிடைக்கவும் இல்லை. ஒரு மாவட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. கிராமத்தில் நாலு மரவள்ளியாவது நட்டு வைக்க இடம் இருந்தது, தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அதுவும் இல்லை. வேலை நாட்களும் குறைந்தன. மலையகத்து முதியவர்கள் இன்றும் அதைச் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்றுதான் சொல்வார்கள். கிழங்கும் கீரையும் தேடிக் காட்டுக்குப் போனதும், பட்டணத்து வீதிகளில் கை நீட்டியதும், பிள்ளைகளும் கிழடுகளும் லயத்திலேயே செத்துப்போனதும் அவர்கள் நினைவில் இருக்கின்றன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போவதா என்று தயங்கிக்கொண்டிருந்த பலரைக் கப்பல் ஏற வைத்ததும் அந்தப் பசிதான். உலகம் முழுவதும் குடித்த தேநீரின் கொழுந்தைப் பறித்த மக்கள் பட்டினியால் செத்தார்கள் என்பது இலங்கை வரலாற்றுப் பாடத்தில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டியது.

1977இல் ஆட்சி மாறியது, சந்தை திறந்தது. சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்தோடு அதே ஆண்டில் ஒப்பந்தம் ஆகி, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி எழுந்த மாபெரும் மா ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமை அதன்பின் இலங்கைக்குள் மணியாகவே வந்து இறங்கியது. ஆனால் அந்த மணி ஆலை வாசலைத் தாண்டி வரவில்லை. தவிடும் முளையும் பிரிந்து மாட்டுத் தீவனமாகப் போக, நார்ச்சத்தையும் இரும்புச்சத்தையும் பெரும்பாலும் இழந்த வெள்ளை மா மலைக்கு வந்தது. இரத்தச்சோகையால் அவதிப்படும் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தவிட்டையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சந்தை திறந்த அதே ஆண்டுகளில் இன்னொரு கதவும் திறந்தது. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்கள் போகத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தோட்டத்துப் பெண்கள் இந்த வரிசையில் பிந்தித்தான் சேர்ந்தார்கள். காரணம் எளிது. கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் குடியுரிமை வேண்டும். 1948இல் பறிபோன குடியுரிமையின் கடைசி மிச்சத்தைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பிறகு 2013இல் வயது வரம்பும் குடும்பப் பின்னணி அறிக்கையும் வந்தன; சிறு பிள்ளை உள்ள தாய்மார் போவது கடினமானது. இத்தனையையும் தாண்டிப் போனவர்கள் ஏராளம்.

போனவர்களின் துயரம் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்பட வேண்டும். சம்பளம் கிடைக்காதவர்கள், அடிபட்டவர்கள், பெட்டியில் திரும்பியவர்கள் என்று அந்தப் பட்டியல் முடியவில்லை. அதன் அருகே எழுதப்படாமல் போகிற ஒன்று அவர்கள் கற்றுக்கொண்ட சமையல். ரொட்டியும் சம்பலும் செய்யத் தெரிந்த கை, சில வாரப் பயிற்சியோடு விமானம் ஏறி, மொழி தெரியாத வீட்டில், வீட்டுக்காரப் பெண்மணியின் சைகையைப் பார்த்தே மஜ்பூஸும் ஜரீஷும் ஹரீஸும் கற்றது. ரமழானில் ஒரு பானை ஹரீஸ் வீட்டுக்கு மட்டும் ஆவதில்லை, அண்டை வீட்டுக்கும் உறவுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போகும். அத்தனைக்கும் துடுப்புப் போட்ட கைகளில் இலங்கைப் பெண்களின் கைகளும் சேர்ந்தவை.

ஊர் திரும்பிய ஒருத்தி அதை நுவரெலியாவில் சமைக்க நினைத்தால் என்ன ஆகும்? முதல் சிக்கல் கோதுமை மணி. தேடித்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று விற்கும் முழு மணியும் ஆகும், தோல் நீக்கியது கிடைத்தால் இன்னும் நல்லது. அரைக்கிலோ கோதுமையைக் களைந்து இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அதே அளவுக்குக் குறையாமல் எலும்போடு ஆட்டிறைச்சி. உப்பு, ஒரு துண்டு கறுவாப்பட்டை. வேறு மசாலா வேண்டாம். மிளகாய் இல்லாமல் இறைச்சியா என்று வீட்டில் கேட்பார்கள். அடுப்பில் இருக்கும்போது கேட்பவர்களை, நெய் ஊற்றிய பிறகு சம்பல் தொட்டுக்கொள்ளச் சொல்லிச் சமாளிக்கலாம்.

அடுத்த சிக்கல் மலை. கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். குவைத்தில் மூன்று மணி நேரத்தில் குழைகிற கோதுமை இங்கே அதைவிட நேரம் எடுக்கும். பருப்பு வேகவே நேரமாகும் ஊர் இது. பிரஷர் குக்கர் இருந்தால் அந்தக் குறை தீரும். இல்லாதவர்கள் மிலாற்றை நம்பக் கூடாது, அது பொசுக்கென்று அடங்கிவிடும். தடித்த கட்டை வேண்டும். அடிப்பிடிக்காமல் இடையிடையே வெந்நீர் விட்டுக் கிளற வேண்டும். வளைகுடாவில் பழைய காலத்தில் பானையை மூடித் தணல் குழியில் புதைத்து இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். விடிந்ததும் எடுத்து அடிப்பார்கள். குளிர் நாளில் லயத்து அடுப்பின் தணலைச் சாம்பல் போட்டு மூடிக் காக்கத் தெரிந்த வீட்டுக்கு இந்த முறை புரியும்.

கடைசியில் எலும்பைப் பொறுக்கிவிட்டு மசிக்க வேண்டும். பருப்பு மத்தே போதும். முதலில் மணி மணியாக நழுவும். பத்து நிமிடம் கழித்து இறைச்சி நூல் நூலாகப் பிரிந்து கோதுமைக்குள் புகும். அதற்கும் பின்னால் ஒரு கட்டத்தில் மத்தை உயர்த்தினால் களி பசைபோல இழுபட்டு மத்தோடு எழும். அதுதான் பதம். அங்கே நிறுத்துகிறவர்களும் உண்டு, இன்னும் கொஞ்சம் அடிப்பவர்களும் உண்டு.

இறைச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் ஆட்டிறைச்சி நாள் பார்த்துத்தான் வரும். தீபாவளிக்கு முற்பணம் கிடைத்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடும். காவல் தெய்வத்துக்குப் பூசை வைத்தால் கிடாய் விழும். மற்ற நாளில் நெத்தலியும் கருவாடும். இருக்கிற கொஞ்ச இறைச்சியைத் தானியத்துக்குள் கரைத்து எல்லோர் தட்டுக்கும் சமமாகச் சேர்க்கிற உணவு ஹரீஸ். யாருக்குத் துண்டு அதிகம் என்ற பேச்சே அதில் எழாது. பங்கு இறைச்சி வாங்கி எட்டுப் பேருக்குப் பிரித்துப் பழகிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சமையலைச் சொல்ல முடியாது. மலையகத்து நகரங்களின் முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் நோன்புக் காலத்தில் அரிசி, தேங்காய்ப்பால், ரம்பை இலை, கொஞ்சம் இறைச்சி சேர்த்துக் காய்ச்சும் கஞ்சியும் இதே அறிவில் பிறந்ததுதான்.

2022இன் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தபோது அரசு அறிவித்த நிவாரணங்களில் ஒன்று, தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாய்க்கு. எண்பது ஆண்டுக்கு முன் பங்கீட்டில் வந்த அதே மா, அதே பங்கீட்டு மொழியில் திரும்பி வந்தது. தோட்டத்து மக்கள் என்ன சாப்பிடுவார்கள் என்பதில் அரசுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அவர்களுக்குக் காணி இருந்தால் என்ன விளைவிப்பார்கள், என்ன சமைப்பார்கள் என்ற கேள்வி அப்போதும் கேட்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 2023 ஜூலை முடிவில், மலையக மக்கள் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் வந்த பாதையில் இருநூறு ஆண்டை நினைத்து நடந்த நடை அது. அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ ஹரீஸ் சமைக்கும் அறிவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமான், சவூதி அரேபியா ஆகிய மூன்று நாடுகளின் பெயர் அதில் இருக்கிறது. அந்த மரபு அவர்களுடையது, அதில் ஐயமில்லை. நாற்பது ஆண்டாக அந்தப் பானைகளின் முன்னே நின்றவர்களின் நினைவைப் பதிவது நம் வேலை.

கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லயமே அங்கே காட்சிக்கூடம், தொழிலாளர் புழங்கிய பொருள்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் போன்ற இடங்களும், மலையகத்துப் பாடசாலைகளும், எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகளும் ஒன்று செய்ய வேண்டும். பஞ்சத்தில் எந்தக் கீரையைத் தின்றார்கள் என்று பாட்டியிடமும், வெளிநாட்டில் என்ன சமைத்தாய் என்று அம்மாவிடமும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். 1974ஐ வயது வந்தவராகக் கண்டவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல் ஆகிறது.